மருத்துவர் அறையில் லேப்: எதை இங்கே செய்வது, எதை வெளியே அனுப்புவது?

கிளினிக்கில் சொந்தமாக ஒரு லேப் வைக்கலாமா என்ற யோசனை பெரும்பாலும் ஒரு கருவியின் விலைப்பட்டியலிலிருந்து தொடங்குகிறது. விற்பனைப் பிரதிநிதி வருகிறார். சில சொட்டு ரத்தத்தை உறிஞ்சி ஒரு நிமிடத்தில் முழு ரத்த எண்ணிக்கையைத் தரும் கருவியை மேசைமேல் வைத்துக் காட்டுகிறார். மருத்துவரின் மனம் அங்கேயே பாதி தீர்மானித்துவிடுகிறது. தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. முதலில் கையில் எடுக்க வேண்டியது கிளினிக்கின் பதிவேடு. கடந்த மூன்று மாதங்களில் எழுதிக் கொடுத்த பரிசோதனைகளை வகைவாரியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இதன் முடிவு அரை மணி நேரத்தில் கிடைத்திருந்தால், நோயாளி வீடு திரும்பும் முன் நான் வேறு ஏதாவது செய்திருப்பேனா?

இந்தக் கணக்கை ஒளிவுமறைவின்றிப் போட்டால் "ஆம்" என்று விழும் பரிசோதனைகள் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். தைராய்டு, வைட்டமின் அளவுகள், கொழுப்பு ஆகியவற்றின் முடிவு நாளை வந்தாலும் போதும். மயக்கத்தோடு வந்தவரின் சர்க்கரை அளவும், அடிவயிற்று வலியோடு வந்த இளம்பெண்ணின் கர்ப்பப் பரிசோதனையும் நாளை வந்து பயனில்லை.

மருத்துவர் முன் நான்கு வழிகள் உள்ளன. எல்லா மாதிரிகளையும் வெளி லேபுக்கு அனுப்பலாம். உடனடிப் பரிசோதனைகள் சிலவற்றை மட்டும் அறையிலேயே செய்யலாம். நுட்பநரை வைத்துச் சிறிய லேப் நடத்தலாம். பிற மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு லேபைப் பகிர்ந்துகொள்ளலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மருத்துவர் நடத்தும் கிளினிக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் இரண்டையும் சேர்த்து நடத்துவதே சரி. மூன்றாவது வழியும் நல்ல வழிதான், ஆனால் அதைத் தாங்கும் எண்ணிக்கையும் ஆளும் எல்லா இடத்திலும் அமைவதில்லை.

வெளியே அனுப்பினாலும் பாதி வேலை இங்கேதான்

வெளி லேபில் நோயியல் நிபுணர் இருப்பார், பெரிய கருவிகள் இருக்கும், நூற்றுக்கணக்கான வகைப் பரிசோதனைகள் கிடைக்கும். மருத்துவருக்கு முதலீடு இல்லை, வினைபொருள் (பரிசோதனைக்கான ரசாயனம்) காலாவதியாகும் கவலை இல்லை. இவ்வளவு வசதியிருந்தும் இந்த வழி பல இடங்களில் கெட்டுப்போவதற்குக் காரணம், மாதிரி எடுப்பதைச் சில்லறை வேலையாக நினைப்பதுதான். லேப் தவறுகளில் பெரும்பகுதி கருவிக்குள் நடப்பதில்லை, மாதிரி கருவியைச் சேர்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பெயர் மாறிய குழாய், தவறான குழாய், அளவு குறைந்த ரத்தம், சிவப்பணு உடைந்த மாதிரி என எல்லாமே மருத்துவர் அறையின் பக்கத்தில் நிகழ்பவை.

சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் அறை வெப்பநிலையில் வைத்தால், அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும். ஃப்ளோரைடு சேர்த்த குழாய் இதைத் தடுக்கும் என்று நம்பி நிம்மதியாக இருந்துவிடுகிறோம், ஆனால் அதன் முழுப் பலன் தெரியவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். காலையில் எடுத்த மாதிரி மதியம் வரும் வண்டிக்காகக் காத்திருந்தால், எல்லைக்கோட்டில் இருக்கும் சர்க்கரை நோயாளி நலமானவர் என்ற சான்றிதழோடு வீடு போய்விடுவார். பொட்டாசியத்தின் கதை நேர்மாறானது. பிரிக்காத ரத்தத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அணுக்களின் சோடியம்-பொட்டாசியம் பம்ப் செயலிழந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அளவு பொய்யாக உயரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உப்பு உள்ள குழாயில் எடுத்த ரத்தத்தை, பிழையை உணர்ந்து, சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த திரவம்) எடுக்கும் குழாய்க்கு மாற்றிவிட்டால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் விழும். அந்த அறிக்கையைப் பார்த்து யாராவது அவசர சிகிச்சை தொடங்கினால் விளைவு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே எதையும் இங்கே சோதிக்கப் போவதில்லை என்று தீர்மானித்தவருக்கும் நல்ல ரத்தம் எடுக்கும் இடம் வேண்டும், பயிற்சி பெற்ற கை வேண்டும், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜ் வேண்டும். பெயர்ச் சீட்டை நோயாளியின் முன்னிலையில், ரத்தம் எடுத்த உடனே ஒட்ட வேண்டும். ரத்தம் நிரப்பும் குழாய்களின் வரிசை மாறக் கூடாது: கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில், சிட்ரேட், சீரம், ஹெப்பாரின், இடிடிஏ, கடைசியாக ஃப்ளோரைடு. சிட்ரேட் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற விகிதம் தவறினால் உறைதல் பரிசோதனை பயனற்றது. சீரம் குழாயைச் சுழற்றுவதற்கு முன் சுமார் 30 நிமிடம் உறைய விட வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் 3000 சுற்று என்று மட்டும் எழுதி வைப்பது போதாது. ஆரம் 10 சென்டிமீட்டர் உள்ள கருவியில் அது ஏறக்குறைய 1000 ஜி விசை, 15 சென்டிமீட்டர் உள்ளதில் 1500 ஜி. வெளி லேப் எந்த விசையைக் கேட்கிறது என்று அறிந்து அதற்கேற்பச் சுற்றை வைக்க வேண்டும்.

வெளி லேபைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது பொதுவான பழக்கம். நான் முதலில் கேட்பது மூன்று. மாதிரி எத்தனை மணிக்கு எடுத்துச் செல்லப்படுகிறது? ஆபத்தான அளவு வந்தால் யார், எவ்வளவு நேரத்தில், யாருக்குத் தொலைபேசியில் சொல்வார்? மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரச்சான்று இருந்தால், அது நான் அனுப்பும் குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கும் பொருந்துகிறதா? சான்று லேபின் பெயருக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. எந்தெந்தப் பரிசோதனைகளுக்கு என்ற பட்டியல் அதனுடன் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

அறையிலேயே செய்யும் உடனடிப் பரிசோதனைகள்

நோயாளிக்கு அதிகப் பயன் தருவது இந்த வழி, அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுவே. குளுக்கோமீட்டர், சிறுநீர் ஸ்ட்ரிப், கர்ப்பக் கார்டு, ஹீமோகுளோபின் மீட்டர், விரல்நுனி ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு), கார்ட்ரிட்ஜ் முறை எச்பிஏ1சி (சர்க்கரையின் நீண்டகாலச் சராசரி), சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் புரதம்), தொண்டை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கார்டு, மலேரியா கார்டு ஆகியவை இந்த வகையில் வருகின்றன.

சர்க்கரை நோயாளிகள் அதிகம் வரும் கிளினிக்குக்கு எச்பிஏ1சி கருவி மிகவும் தகும். கடந்த எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களின் சராசரியை நோயாளி எதிரில் அமர்ந்திருக்கும்போதே காட்டி, மருந்தை அப்போதே மாற்ற முடிகிறது. அடுத்த வாரம் அறிக்கையோடு வாருங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வருவதில்லை என்பது எந்த மருத்துவருக்கும் தெரியும். ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களுக்கு ஐஎன்ஆர் கருவியும் இதே காரணத்தால் உயர்ந்தது. இருமலோடு வருபவருக்கு ஆன்டிபயாடிக் தேவையா என்ற தயக்கத்தில் சிஆர்பி உதவுகிறது.

ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் எல்லை உண்டு, அதைத் தெரிந்து வைத்திருப்பவரே இதைப் பயன்படுத்தத் தகுதியானவர். வீட்டில் சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தும் குளுக்கோமீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197 தரம், 2013 பதிப்பின்படி, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை விலக அனுமதிக்கிறது. 95 சதவீத முடிவுகள் அந்த எல்லைக்குள் இருந்தால் போதும். உண்மை அளவு 200 என்றால் மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் தரத்துக்கு உட்பட்டதே. சிகிச்சையைக் கண்காணிக்க இது போதும். ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று முதன்முதலில் முத்திரை குத்த இது போதாது, சிரை ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பியே ஆக வேண்டும். ரத்தச்சோகை உள்ளவருக்குப் பல மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். எச்பிஏ1சி-யும் ரத்தச்சோகை, ஹீமோகுளோபின் மாறுபாடு உள்ளவர்களிடம் ஏமாற்றும். வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டவரின் சிறுநீர் ஸ்ட்ரிப்பில் ரத்தமும் சர்க்கரையும் மறைந்துபோகலாம். ஐஎன்ஆர் உயர உயர விரல்நுனிக் கருவி லேப் முடிவிலிருந்து விலகும். மிக உயர்ந்த அளவு வந்தால் மருந்தை மாற்றும் முன் சிரை ரத்தத்தில் உறுதிசெய்ய வேண்டும். தொண்டைக் கார்டு நெகட்டிவ் என்றால் குழந்தைகளிடம் கல்ச்சர் மூலம் சரிபார்ப்பது நல்லது.

மாரடைப்பைக் கண்டறிய உதவும் இதய ட்ரோபோனின் கார்டை இந்தப் பட்டியலில் நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு முதல் சோதனை நெகட்டிவ் என்றால் அது எதையும் முடித்து வைப்பதில்லை, சில மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். ஈசிஜி எடுத்து, ஆஸ்பிரின் கொடுத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய நேரத்தைக் கார்டில் கோடு தெரிகிறதா என்று பார்ப்பதில் செலவழிக்கக் கூடாது.

ஒழுங்கு விஷயத்தில் இங்கே சமரசம் கூடாது. ஸ்ட்ரிப் பாட்டிலின் மூடி திறந்தே கிடந்தால் ஈரம் உள்ளே போய் ஸ்ட்ரிப்புகள் கெட்டுவிடும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுத வேண்டும், ஏனெனில் திறந்த பிறகான ஆயுள் அச்சிட்ட காலாவதித் தேதியைவிடக் குறைவு. கண்ட்ரோல் திரவத்தை (அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியில் ஓட்டிப் பதிய வேண்டும். முடிவு நோயாளியின் கோப்பில் நேரத்தோடு ஏற வேண்டும். மருத்துவர் வாயால் கேட்டுவிட்டு எழுதாமல் விட்ட சர்க்கரை அளவு அடுத்த முறை யாருக்கும் உதவாது. நோயாளியின் அருகிலேயே செய்யப்படும் இவ்வகைப் பரிசோதனைகளுக்கெனத் தனியாக இருந்த ஐஎஸ்ஓ 22870 விதிகள் 2022-இல் ஐஎஸ்ஓ 15189-க்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டன. சிறிய கார்டாக இருந்தாலும் அது லேப் பரிசோதனைதான் என்பதே இதன் பொருள்.

சொந்த லேப்: எண்ணிக்கை தாங்குமா?

ரத்தத்தின் வேதிப்பொருள்களை அளக்கும் செமி ஆட்டோ பயோகெமிஸ்ட்ரி அனலைசர், மூன்று வகை வெள்ளணுக்களைப் பிரிக்கும் செல் கவுண்டர், நுண்ணோக்கி, சென்ட்ரிஃபியூஜ், வினைபொருள் வைக்கத் தனிக் குளிர்பதனப் பெட்டி, பேட்டரி மின்வசதி, சுத்திகரித்த நீர், கைகழுவும் தொட்டி ஆகியவை இருந்தால் ஒரு சிறிய அறை லேபாகிவிடும். இவற்றை வாங்குவது எளிது. நாள்தோறும் இவை சொல்வதை நம்பத்தக்கதாக வைத்திருப்பதுதான் செலவு, அதை விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பயோகெமிஸ்ட்ரியில் ஒரு பரிசோதனையை நோயாளிகளுக்குச் செய்யும் முன், இயல்பான அளவில் ஒன்று, உயர்ந்த அளவில் ஒன்று என இரண்டு கண்ட்ரோல்கள் ஓட்ட வேண்டும். நாளுக்கு ஐந்து பேருக்குத்தான் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கிறீர்கள் என்றால், ஏழு ஓட்டங்களில் இரண்டு கண்ட்ரோலுக்குப் போகிறது. வினைபொருளில் ஏறக்குறைய 29 சதவீதம். ஐம்பது பேருக்குப் பார்க்கும் இடத்தில் அதே இரண்டு கண்ட்ரோல் 4 சதவீதம் மட்டுமே. இதற்கு மேல் கேலிபரேஷன் (கருவியின் அளவைச் சரிசெய்தல்), சந்தேகம் வந்து திரும்பச் செய்தவை, பாட்டிலின் அடியில் மிஞ்சுவது, திறந்த பின் ஆயுள் முடிந்து கொட்டியது எல்லாம் சேரும். சிறிய லேப்கள் கண்ட்ரோலைத் தவிர்க்கத் தொடங்குவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல, இந்தக் கணக்கின் அழுத்தத்தால். ஆகவே கண்ட்ரோல் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் எண்ணிக்கை தாங்காத பரிசோதனையைத் தொடங்கவே கூடாது.

லாப-நட்டக் கணக்கும் கடினமல்ல. சம்பளம், வாடகை, பராமரிப்பு ஒப்பந்தம், கருவியின் தேய்மானம், வெளித் தரமதிப்பீட்டுக் கட்டணம் ஆகியவை நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் மாதச் செலவு. ஒரு பரிசோதனையின் கட்டணத்திலிருந்து அதற்கான வினைபொருள், குழாய், ஊசிச் செலவைக் கழித்தால் வருவது மிச்சம். மாதச் செலவு அந்த மிச்சத்தைப் போல் 600 மடங்கு என்றால், மாதம் 600 பரிசோதனைகள் வந்தால்தான் கையைக் கடிக்காது. 25 வேலை நாட்களில் நாளுக்கு 24. பதிவேட்டில் எண்ணி வைத்த எண்ணிக்கை அதற்குப் பக்கத்திலாவது வருகிறதா என்று பாருங்கள். லேப் வைத்த பிறகு எண்ணிக்கை தானாகக் கூடும் என்ற நம்பிக்கையில் அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள். அது ஏன் ஆபத்தானது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கருவியை இலவசமாக வைத்துவிட்டு, வினைபொருளை மட்டும் தங்களிடமே வாங்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தைச் சில நிறுவனங்கள் முன்வைக்கும். முதலீடு குறைவாக உள்ளவருக்கு இது உதவும். ஆனால் மாதந்தோறும் இவ்வளவு வாங்கியே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவு, கருவி பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பது, இடையில் விலகினால் என்ன என்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. வேறு நிறுவன வினைபொருளை ஏற்காத மூடிய கருவியா, எதையும் ஏற்கும் திறந்த கருவியா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி ஆள். செல் கவுண்டர் ஒரு சிறு துளை வழியே அணுக்கள் போகும்போது ஏற்படும் மின்தடை மாற்றத்தை வைத்து எண்ணுகிறது. வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறை இது. இடிடிஏ-வில் சிலரின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவி அந்தக் கட்டியைத் தட்டணுவாக எண்ணாது. நலமாக இருப்பவருக்குத் தட்டணு 40,000 என்று அச்சாகி வரும். ஒரு ஸ்லைடு தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்த நுட்பநர் இரண்டு நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார். அவர் இல்லாத இடத்தில் அந்தக் காகிதம் ஒரு குடும்பத்தை மருத்துவமனை மருத்துவமனையாக அலையவைக்கும். ஆகவே தகுதி பெற்ற நுட்பநர் கிடைக்காவிட்டால் செல் கவுண்டர் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஊசி போடும் செவிலியரை இரண்டு நாள் பயிற்சியில் லேபுக்கும் பொறுப்பாக்குவது அவருக்கும் நீதியல்ல, நோயாளிக்கும் நீதியல்ல. அந்த நுட்பநர் விடுப்பில் போனால் என்ன செய்வது என்பதற்கும் முன்கூட்டியே விடை வேண்டும்.

கண்ட்ரோல் ஓட்டினால் மட்டும் போதாது, அதை வரைபடத்தில் குறித்துப் பார்க்க வேண்டும். லீவி, ஜென்னிங்ஸ் இருவரும் 1950-இல் அறிமுகப்படுத்திய வரைபடமும், வெஸ்ட்கார்ட் 1981-இல் வெளியிட்ட விதிகளும் இன்றும் இதற்கு அடிப்படை. ஒரு கண்ட்ரோல் சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்தை (எண்கள் வழக்கமாகச் சிதறும் அளவு) தாண்டுவது, எல்லாம் சரியாக இருந்தாலும், ஏறக்குறைய 20-க்கு ஒரு முறை நடக்கும். அது எச்சரிக்கை மட்டுமே. மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினாலோ, இரண்டு தொடர்ந்து ஒரே பக்கம் இரண்டைத் தாண்டினாலோ நோயாளிகளின் முடிவைத் தராமல் நிறுத்த வேண்டும். பத்துப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கத்தில் விழுந்தால் கருவி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. கண்ட்ரோல் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, வந்த ஒன்றை மட்டும் எழுதுவது எதையும் கட்டுப்படுத்தாது. வெளித் தரமதிப்பீட்டுத் திட்டத்திலும் சேர வேண்டும். அவர்கள் அனுப்பும் மாதிரியைச் சோதித்து, அதே கருவி வைத்திருக்கும் பிற லேப்களோடு உங்கள் எண்ணை ஒப்பிடும்போதுதான் உள்ளே தெரியாத பிழை தெரியும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை விதிகள் எளியவை, கடைப்பிடிப்பதுதான் வேலை. ஊசிக்கு மூடி மாட்டக் கூடாது. கூர்பொருள் பெட்டியை முக்கால் பங்கு நிரம்பியதும் மூட வேண்டும். லேபில் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். வினைபொருள் இருக்கும் பெட்டியில் உணவு கூடாது, அதன் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பதை நாள்தோறும் பதிய வேண்டும். கல்ச்சர், காசநோய்ச் சளி போன்றவை சிறிய கிளினிக் லேபுக்கு உரியவை அல்ல.

பகிர்ந்துகொள்ளும் லேப்

ஒரே கட்டடத்தில் நான்கைந்து மருத்துவர்கள் இருந்தால் இது மிகப் பொருத்தமானது. எண்ணிக்கை சேர்வதால் கண்ட்ரோல் செலவு தாங்கும், இரண்டு நுட்பநர்கள் வைக்கலாம். தோல்வியடையும் இடம் பொறுப்பு. எல்லோருக்கும் சொந்தமான லேபில் கண்ட்ரோல் வரைபடத்தில் கையெழுத்திட யாரும் இருக்க மாட்டார். பெயர் குறிப்பிட்டு ஒரு பொறுப்பாளர் எழுத்தில் இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம். வெளி லேபே தன் ஆளைக் கிளினிக்கில் அமர்த்தி மாதிரி எடுக்கும் ஏற்பாடும் உண்டு. அது முதல் வழியின் திருத்திய வடிவம், மாதிரியின் தரம் அதில் பெரும்பாலும் உயர்கிறது.

எழுதும் கையும் வருமானம் பெறும் கையும்

சொந்த லேப் உள்ள மருத்துவருக்கு, பரிசோதனை எழுதும்போதெல்லாம் ஒரு சிறு இழுப்பு இருக்கும். தீய எண்ணம் தேவையில்லை. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைவு என்று தெரிந்தாலே போதும். இதை ஒழுக்கத்தின் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது, மருத்துவத்தின் பிரச்சினையும்தான். பெரும்பாலான பரிசோதனைகளின் இயல்பு எல்லை, நலமானவர்களில் 95 சதவீதம் பேரை உள்ளடக்குமாறு வகுக்கப்படுகிறது. நலமான ஒருவருக்கு ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகள் செய்தால், ஒன்றாவது எல்லைக்கு வெளியே போகும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். அதைத் துரத்தி அடுத்த பரிசோதனை, அடுத்த ஸ்கேன் என்று செலவும் பயமும் நோயாளியின் தலையில் ஏறும். லேப் வைப்பவர் ஒவ்வொரு காலாண்டும் நூறு நோயாளிகளுக்கு எத்தனை பரிசோதனை எழுதினோம் என்று பார்த்து, லேப் வைக்கும் முன் இருந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். லேப் மருத்துவருக்குச் சொந்தமானது என்பதையும், வேறெங்கும் செய்துகொள்ளலாம் என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

யாருக்கு எது?

பொது மருத்துவம் பார்க்கும் தனி மருத்துவர், பக்கத்தில் நல்ல லேப் இருந்தால், சர்க்கரை, சிறுநீர் ஸ்ட்ரிப், கர்ப்பக் கார்டு, ஹீமோகுளோபின் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, மாதிரி எடுப்பதைச் சிறப்பாகச் செய்தாலே போதும். சர்க்கரை நோய் நிபுணர் எச்பிஏ1சி-யைச் சேர்க்கட்டும். குழந்தை மருத்துவருக்குச் சில துளி ரத்தத்தில் ஆகும் கார்டுகள் அதிகம் பயன்படும், ஏனெனில் சிறு குழந்தையிடம் இரண்டாம் முறை ஊசி குத்துவதே பெரிய விஷயம். அடுத்த லேப் பல மணி நேரத் தொலைவில் இருக்கும் இடத்தில் என் கணக்கு முழுவதும் மாறும். அங்கே நுட்பநரோடு ஒரு சிறிய லேப், நட்டமில்லாமல் ஓடினாலே போதும் என்ற எண்ணத்தோடு, அவசியமாகிறது. ஆனால் அங்கும் பரிசோதனைப் பட்டியல் குட்டையாக இருக்கட்டும். நம்பத்தக்க எட்டுப் பரிசோதனைகள், அரைகுறையான முப்பதைவிட நோயாளிக்கு நல்லது.

தொடங்கும்போது புதிய கருவியில் ஒரே மாதிரியை 20 முறை ஓட்டி எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். பிறகு குறைந்தது 20 நோயாளிகளின் மாதிரியைப் பிரித்து, பாதியை வெளி லேபுக்கு அனுப்பி இரண்டையும் ஒப்பிடுங்கள். கிரியாட்டினினை ஜாஃபே என்ற வேதிவினை முறையில் அளக்கும் கருவியும் என்சைம் முறைக் கருவியும் ஒரே எண்ணைத் தர வேண்டியதில்லை. கீட்டோன் உள்ள ரத்தத்தில் ஜாஃபே முறை கூட்டிக் காட்டலாம். இதுவரை வெளி லேபில் பார்த்துவந்த சிறுநீரக நோயாளிக்கு உங்கள் கருவி டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூட்டிக் காட்டினால், அது நோய் முற்றியதால் அல்ல, முறை மாறியதால் என்பதை அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலை எடுத்து, எண்ணிக்கை குறைந்து கண்ட்ரோல் செலவைத் தாங்காத பரிசோதனைகளை நிறுத்தி, வெளியே அனுப்பத் தொடங்குங்கள். அப்போதும் முறை மாறிய தேதியை நோயாளியின் கோப்பில் எழுதிவிடுங்கள்.